கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாமா?

கிராம சபை, ஓட்டு, ஊர் அரசியல் பற்றி என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தது. அதிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு, எந்தப் பக்கத்து ஆள் என்பதை மட்டும் போட்டிருக்கிறேன். சின்ன ஊரில் கேள்வி கேட்டவரை அடையாளம் கண்டுபிடிக்க அரை நாள் போதும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சிக்கு 2001 முதல் 2011 வரை தலைவராக இருந்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அதே கிராம சபையில் பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஆள்.

எங்கள் ஊராட்சியில் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். தேர்ந்தெடுத்த ஆளே இல்லாதபோது கிராம சபைக்குப் போய் என்ன பயன் அக்கா?
– விவசாயி, ஒட்டன்சத்திரம் பக்கம்

தம்பி, ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு. மன்றம் என்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும். அதற்கு ஐந்து வருட ஆயுள். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும். அதை யாரும் கலைக்க முடியாது, அதற்குப் பதவிக்காலமும் கிடையாது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை நம் ஊருக்குக் கொண்டுவந்தது.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் கடைசி வரைக்கும் நம் கிராமங்களில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை ஆனது. அப்போதும் தனி அலுவலர்கள்தான், அப்போதும் கிராம சபை கூடியது. 2019-இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் அதே நிலைதான். நான் சொல்வேன், தனி அலுவலர் காலத்தில்தான் கட்டாயம் போக வேண்டும். தலைவர் இருந்தால் வழியில் மறித்துக் கேட்கலாம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம். தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிறவர். அவர் தரப்பில் ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து, நீங்கள் கேட்க, பதில் சொல்லியாக வேண்டிய நாள் அது.

நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நான்கோடு, 2022-இல் அரசு மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்தது.

ஆசையாகப் போனேன். வாசலிலேயே நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். ஏதோ வேகமாகப் படித்தார்கள். கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். அரை மணி நேரத்தில் பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் ரோடு பற்றிக் கேட்டதற்கு ‘எழுதிக்கிறோம்’ என்றார்கள். இதில் பேசி என்ன ஆகப்போகிறது?
– திருப்பூரில் வேலை பார்க்கும் இளைஞர், கரூர் மாவட்டம்

உங்கள் கடிதம்தான் இந்த முறை என்னைத் தூங்க விடாத கடிதம். பனியன் கம்பெனியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து கேட்ட கேள்விக்கு ‘எழுதிக்கிறோம்’ என்று பதில் வந்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். ஆனால் அந்த இடத்தில்தான் தம்பி விஷயமே இருக்கிறது. கிராம சபையில் பேசியது பேச்சோடு போய்விடும். எழுதியது நிற்கும்.

முதலில் அந்தக் கையெழுத்தைப் பார்ப்போம். கூட்டம் செல்லுபடியாக வேண்டும் என்றால் குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கைக்காகத்தான் வாசலிலேயே நோட்டை நீட்டுகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை வேலைத்தலத்திலிருந்து நேராகக் கூட்டிவந்து உட்கார வைப்பதும் இதற்காகத்தான். எண்ணிக்கை நிறைந்ததும் அதிகாரிகளுக்கு வேலை முடிந்த மாதிரி. நமக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது.

அடுத்து, தீர்மானப் புத்தகம். பக்க எண் போட்ட நீளமான பதிவேடு. ஒரு பக்கம் ‘பொருள்’, இன்னொரு பக்கம் ‘தீர்மானம்’. பல ஊர்களில் கையெழுத்துப் பக்கம் முதலில் நிரம்பிவிடும். தீர்மானப் பக்கம் காலியாகவே ஆபீசுக்குப் போகும். அங்கே மேலிடத்திலிருந்து வந்த பொருள் பட்டியலைப் பார்த்து, ‘ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதுவார்கள். உங்கள் ரோடு அதில் இருக்காது. மூன்று மாதம் கழித்து நீங்கள் போய்க் கேட்டால், ‘அப்படி ஒரு கோரிக்கையே பதிவில் இல்லையே’ என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

நான் தலைவராவதற்கு முந்தைய ஒரு அக்டோபர் 2. எங்கள் ஊர் நூலகத்து வராண்டாவில் கூட்டம். வரவு செலவு படித்துக்கொண்டு வந்தவர் ‘கைப்பம்பு பழுது நீக்கம்’ என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். பின் வரிசையில் இருந்து ஒரு பாட்டி எழுந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “அய்யா, எந்தத் தெருப் பம்பு அது? எங்க தெருப் பம்பு கைப்பிடியே இல்லாம கெடக்கு. வாங்க, பத்து எட்டுதான், போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றார். கூட்டம் சிரித்தது. பாட்டி சிரிக்கவில்லை. படித்தவர் “சரி பாட்டி, எழுதிக்கிறோம்” என்றார். பாட்டி உட்காரவில்லை. “இப்பவே எழுதுங்க. எழுதி, எனக்குக் கேக்குற மாதிரி வாசிங்க. எனக்குப் படிக்கத் தெரியாது” என்றார்.

எழுதினார்கள், வாசித்தார்கள். அந்தப் பம்புக்கு அடுத்த கிராம சபைக்குள் கைப்பிடி வந்துவிட்டது. பாட்டி கெட்டிக்காரி என்பதால் மட்டும் வரவில்லை. தணிக்கைக்கு வருகிறவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டுவார். செலவு எழுதிய பம்பு பழுதாகவே கிடக்கிறது என்று சபையே எழுதி வைத்திருந்தால், பில்லில் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். பத்து வருடம் தலைவராக இருந்து நாற்காலியின் மறுபக்கத்தையும் பார்த்த பிறகு அழுத்தமாகச் சொல்கிறேன்: தலைவரோ அலுவலரோ, மேடைப் பேச்சுக்குப் பயப்படுவதில்லை. பக்க எண் போட்ட புத்தகத்துக்குப் பயப்படுவார்கள்.

அதனால் அடுத்த முறை உங்கள் ரோட்டுக் கோரிக்கையை முன்கூட்டியே இரண்டு வரியில் எழுதி எடுத்துப் போங்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டு முனையிலிருந்து எது வரைக்கும், எத்தனை வீடு இருக்கிறது என்று. ‘எங்கள் ஊரில் ரோடு சரியில்லை’ என்று சொன்னால் ஆளுக்கு ஒரு ரோடு நினைவுக்கு வரும். பேசும்போது நீங்களே, “இதைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்” என்று சொல்லுங்கள். இன்னும் இரண்டு பேர் ‘ஆமாம்’ என்று எழுந்து சொல்ல வேண்டும். அவர்களிடம் முந்தின நாள் ராத்திரியே பேசி வைத்துவிடுங்கள். கூட்டம் முடியும் முன் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுடையது வரவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். பிறகு எதையும் நுழைக்க முடியாதபடி கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். கையில் செல்போன் இருக்கிறதே, அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். வரவு செலவை எல்லோரும் பார்க்கிறபடி வைக்க வேண்டும் என்பதும் நடைமுறை. வைக்கவில்லை என்றால் அதையும் கேட்டு எழுத வையுங்கள்.

பெண்கள் போய் ஆம்பளைங்க நடுவில் எழுந்து பேசுவதா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கு ரேஷன் கடை பற்றிக் கேட்க வேண்டும்.
– இல்லத்தரசி, மணப்பாறை பக்கம்

ரேஷன் கடையில் வரிசையில் நிற்பது நீங்கள்தானே கண்ணு? கடை எந்த நாளில் திறக்கவில்லை, எந்த மாதம் பருப்பு வரவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். “நீங்க கேட்டா அவங்க ஒரு எதிர்க்கேள்வி போடுவாங்க, உங்களுக்குப் பதில் தெரியாது” என்று. பல வீடுகளில் இந்தப் பேச்சு எடுபட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதல்முறை பெண்களுக்கான ஒதுக்கீட்டில் ஜெயித்து, ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, “வீட்டுக்காரர் வரலியாம்மா?” என்றுதான் கேட்டார்கள். “அவருக்குக் காட்டில் வேலை இருக்கிறது, இங்கே எனக்கு வேலை” என்று சொல்லி உட்கார்ந்தேன். குரல் நடுங்கியதுதான். நடுங்கட்டும். இன்றைக்குத் தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. தலைவர் நாற்காலியிலேயே பெண் உட்காரலாம் என்கிறபோது, பாயில் உட்கார்ந்திருக்கிற பெண் எழுந்து கேட்கக் கூடாதா?

தனியாகப் போகாதீர்கள். உங்கள் மகளிர் குழுவில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, முன் வரிசையிலேயே ஒன்றாக உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் மைக் வராது.

எங்கள் ஊரில் கிராம சபை எப்போதும் ஊர்த்தெருவில் கோயில் திடலில்தான் நடக்கும். எங்கள் காலனிக்காரர்கள் போனால் ஓரமாக நிற்க வேண்டும். கேள்வி கேட்டால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். தைரியமாகப் பேசுங்கள் என்று நீங்கள் எளிதாக எழுதிவிடலாம்.
– வாசகர், உசிலம்பட்டி பக்கம்

எளிதாக எழுத மாட்டேன் அய்யா. உங்கள் பக்கத்து வரலாறு எனக்குத் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகாச்சியேந்தல். 1996-இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, இந்த ஊர்களில் பத்து ஆண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடக்கவே விடவில்லை. 2006 அக்டோபரில்தான் அது முடிவுக்கு வந்தது. மேலவளவில் அதே ஒதுக்கீட்டில் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று, பேருந்தில் போய்க்கொண்டிருந்தவரை மறித்து, கூட இருந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததற்காக உயிர் போன மண்ணில், பேச பயமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினால், அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் அந்த 2006 தானாக வரவில்லை. அந்தந்த ஊர் மக்களும் இயக்கங்களும் விடாமல் கேட்டார்கள், மாவட்ட நிர்வாகம் இறங்கி வந்தது. 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் முதலமைச்சர் வந்து கிராம சபையில் உட்கார்ந்தார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கிராம சபையை ஒரே இடத்தில் நடத்தக் கூடாது. ஊராட்சியில் உள்ள குக்கிராமங்களில் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்பதுதான் நடைமுறை. எனவே முதல் கோரிக்கையாக இதை வையுங்கள்: அடுத்த கூட்டம் எங்கள் காலனியில். இதைச் சபையில் எழுந்து கேட்க வேண்டாம். நாற்பது ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுவாகக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் போட்டுத் தருவார்கள். ஐம்பது கையெழுத்தில் எந்தக் கையெழுத்துக்காக யாரை வேலைக்குக் கூப்பிடாமல் விடுவார்கள்? மிரட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையும் உறுப்பினரையும் அவர்கள் வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதே குற்றம் என்று 2015 திருத்தத்தில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற ஊர்த்தெருக்காரர்களுக்கும் ஒன்று: காலனியில் கூட்டம் நடந்தால் நீங்கள் போய் உட்காருங்கள். அதைவிடப் பெரிய உதவி எதுவும் கிடையாது.

போன தேர்தலில் ஓட்டுக்குக் காசு வாங்கிவிட்டேன். இப்போது தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறதா?
– பெயர் போட வேண்டாம் என்று எழுதியவர்

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

காசு கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். அதை நான் மழுப்பப் போவதில்லை. 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் பணத்துக்காகவே ரத்து செய்தார்கள். இனி வாங்காதீர்கள். ஆனால் கொடுக்கிறவருக்கு உங்கள் ஒரு ஓட்டு மட்டும் குறி இல்லை. காசு வாங்கியவர் அதற்குப் பிறகு ஐந்து வருடம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார் என்பதும் அதில் சேர்த்தி. “வாங்கிட்டல்ல, அப்புறம் என்ன கேள்வி?” என்று முகத்துக்கு நேரே கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்கும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் வருகிறது. தெருவிளக்கு உங்கள் வீட்டு வரியில் எரிகிறது. அவர் கொடுத்த காசில் எரியவில்லை. போய்க் கேளுங்கள்.

நாங்கள் டீ குடிக்கும் கடையில் ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று போர்டு. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் அதே கட்டளை. என் தம்பி மகனும் நானும் ஒரு தேர்தல் சமயத்தில் முறைத்துக்கொண்டு பேச்சையே விட்டுவிட்டோம். அரசியல் பேசாமல் இருப்பதுதான் நல்லதோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

அய்யா, அந்தப் போர்டு சலூனிலும் தொங்கும். கடைக்காரருக்குப் பெஞ்சும் கண்ணாடி கிளாசும் உடையக் கூடாது, அவர் கவலை அவருக்கு. ஆனால் நம் ஊரில் அரசியல் வளர்ந்ததே அந்த மாதிரிக் கடைகளில்தானே. ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள், கேட்டுவிட்டு வாதாடுவார்கள். தெருவுக்குத் தெரு கட்சிக்காரர்கள் படிப்பகம் வைத்திருந்தார்கள். என் அப்பா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. அவர் படித்ததெல்லாம் அப்படி ஒரு படிப்பகத்தில்தான். அங்கேயும் சண்டை வரும். மறுநாள் காலையில் அதே பெஞ்சில் அதே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்து பேச்சு சண்டையாவது எங்கே என்றால், ஆளைப் பற்றிப் பேசும்போது. ‘உங்க தலைவர் யோக்கியமா?’ என்று தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் பழைய கதையெல்லாம் வெளியே வந்துவிடும். ‘இந்த அரசுப் பள்ளியில் இரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார் இல்லையே, ஏன்?’ என்று தொடங்கிப் பாருங்கள். எந்தக் கட்சிக்காரருக்கும் அதில் பிள்ளை இருக்கும், பேரன் இருக்கும். அதற்காகப் பெரிய அரசியலைப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. நீட் தேர்வைப் பற்றியும், மாநிலத்துக்கு வருகிற வரிப் பங்கைப் பற்றியும், மொழிக் கொள்கையைப் பற்றியும் டீக்கடையில் பேசத்தான் வேண்டும். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்த்துவிட்டு அதைத்தான் விவாதம் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஒருவர் சொல்லி முடிக்கும் வரை இன்னொருவர் கேட்பது என்ற பழக்கத்தை நீங்கள் வகுப்பறையில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பீர்கள்.

தம்பி மகனிடம் நீங்களே போன் போடுங்கள். “அன்னைக்கு நீ சொன்னதை எங்கே படிச்சே? எனக்கு அனுப்பு, நானும் படிக்கிறேன்” என்று கேளுங்கள். ஒரு இளைஞனிடம் பெரியவர் ஒருவர் அப்படிக் கேட்டால், அவன் அனுப்புவதற்கு முன்னால் தானே ஒரு முறை சரிபார்ப்பான்.

உத்திரமேரூர் கல்வெட்டு இருக்கும்போது ஜனநாயகத்தை நாம் யாரிடமாவது கற்றுக்கொள்ள வேண்டுமா?
– கல்லூரி மாணவர், காஞ்சிபுரம்

போய்ப் பார்த்திருக்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தது, ஏறத்தாழ 920. ஊர்ச்சபைப் பொறுப்புக்கு ஆள் எடுக்க, ஊரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு மாதிரிப் பிரித்து, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, ஏற்கெனவே பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்பது. அதைக் கல்லில் வெட்டி வைத்தவர்களை நினைத்துப் பெருமைப்படுங்கள்.

ஆனால் முழுதாகப் படியுங்கள். வயது 35-இலிருந்து 70-க்குள், கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. அது பிராமணர்களின் ஊர்ச்சபை. என் பாட்டியும் உங்கள் பாட்டியும் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூட நின்றிருக்க முடியாது. அந்த ஊர்ச்சபையை விட உங்கள் ஊர்க் கிராம சபை பெரியது. 18 வயது ஆன எல்லோரும் அதில் உறுப்பினர்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு உண்மையில் சக்தி உண்டா? சிலர் அதைத் தூக்கிக் குப்பையில் போடலாம் என்கிறார்களே.
– வாசகி, புதுக்கோட்டை

இரண்டையும் சொல்கிறேன், நீங்களே எடை போடுங்கள்.

ஒடிசாவில் நியம்கிரி மலை. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று அங்குள்ள கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் அந்தப் பழங்குடி மக்களுக்குக் கைகொடுத்தது.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதும், 2024 நவம்பர் கிராம சபைகளில் சுற்றுவட்டாரத்து ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் மட்டும் அதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘யாரோ தூண்டிவிடுகிறார்கள்’ என்று ஒதுக்க முடியாதபடி, ஊரே கையெழுத்துப் போட்ட காகிதம் முதலில் இருந்தது.

அடுத்து ஏகனாபுரம். பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022-இலிருந்து கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டார்கள். திட்டத்தை அரசு கைவிடாமல் நிலம் எடுக்கும் வேலையைத் தொடர்ந்தது. எனக்கு அது வருத்தம்தான். ஒரு ஊர் ஒரே குரலில் இத்தனை முறை சொன்னதற்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டியது அரசின் கடமை என்று நினைக்கிறேன், திட்டம் சரியா தவறா என்பது தனி.

மற்றபடி, உங்கள் ஊர் எல்லைக்குள் நடக்கிற வேலைகளில், அதாவது ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை, பயனாளிப் பட்டியல் ஆகியவற்றில் கிராம சபையின் சொல் நன்றாகவே செல்லும்.

நகரத்தில் இருக்கும் எங்களுக்கு இதெல்லாம் கிடையாதா?
– அடுக்குமாடிக் குடியிருப்புவாசி, தாம்பரம்

உண்டு. ஏரியா சபை என்று பெயர். 2022-இல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்களும் நடந்தன. உங்கள் கவுன்சிலரிடம் “நம் பகுதிக்கு ஏரியா சபை எப்போது கூடுகிறது?” என்று எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பு சங்கத்தில் வாட்ச்மேன் சம்பளம் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறவர்கள் நீங்கள். ஒரு மாலை வாசலுக்கு வெளியே உள்ள மழைநீர் வடிகாலுக்காகவும் பேசலாம்.

எனக்கு வயது 17. நான் போகலாமா ஆன்ட்டி?
– பிளஸ் டூ மாணவி, திருவாரூர்

போ, உட்கார்ந்து கவனி. ஓட்டு வந்த பிறகுதான் உறுப்பினர். ஆனால் உன் அம்மா உறுப்பினர்தானே? கேள்வியை நீ எழுதிக் கொடு, அம்மா கேட்கட்டும். 17 முடிந்துவிட்டதென்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ இப்போதே முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. 1989 வரைக்கும் 21 வயது ஆக வேண்டும். நான் அப்படிக் காத்திருந்தவள்.

தீர்மான நகல் கேட்டால் தர மறுக்கிறார்கள். மனு எப்படி எழுதுவது? ஒரு மாதிரி கொடுங்கள்.
– வாசகர், பரமத்தி வேலூர்

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாள் போதும். இப்படி எழுதுங்கள்:

‘பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம். எங்கள் ஊராட்சியில் அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபைக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகத்தின் அந்தக் கூட்டத்துக்குரிய பக்கங்கள், கூட்டத்தில் வைக்கப்பட்ட வரவு செலவு அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

ஊராட்சி பெயர், ஆண்டு, உங்கள் பெயர், முகவரி, தேதி, கையெழுத்து. பத்து ரூபாய்க்கு கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது, நீங்கள் எழுதவும் வேண்டாம். ‘ஏன் வேலை செய்யவில்லை?’ போன்ற கேள்விகளை இதில் போடாதீர்கள். இருக்கிற ஆவணத்தின் நகல் மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, அந்த ரசீதை மனு நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மேல்முறையீட்டுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.